வல்லான் வகுத்ததே வாய்க்காலா?

‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. நாடுகளுக்கிடையிலான நீதியைப் பற்றி வகுப்பறையிற் பேச்செழும்போது, மாணவர் ஒருவர் இதனைச் சொல்லி விவாதத்தை முடித்துவைப்பதை நாம் பலமுறை கண்டுள்ளோம். ஆசிரியர் அறையிலும் நிலைமை வேறல்ல. அங்கே சற்றுக் கூடுதலாகக் கற்றவர்கள் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீசையும் துணைக்கு அழைப்பர். வலியவன் செய்வதே நீதி என அப்பேராசிரியனே அன்று கூறிவிட்டான் என்பர். உண்மையில் அவன் அவ்வாறு கூறினானா? அவனது நூலின் புகழ்பெற்ற பகுதியாகிய மீலோஸ் உரையாடலை முன்வைத்து இவ்வினாவை ஆராய விரும்புகிறோம்.

கி.மு. 416இல் ஏதென்சின் படை 38 கப்பல்களில் மீலோஸ் என்னும் சிறு தீவிற் சென்றிறங்கியது. ஸ்பார்ட்டாவின் குடியேற்றமாயினும், பெரும்போரின் தொடக்கத்தில் எப்பக்கமும் சேராதிருந்த தீவு அது. பணிந்து திறை செலுத்துக, அன்றேல் அழிக என்பதே ஏதென்சின் கட்டளை. தூதர்களுக்கும் தீவின் தலைவர்களுக்கும் இடையில் நிகழ்ந்த பேச்சை ஆசிரியர் நாடக உரையாடல் போலவே அமைத்துள்ளார். நீதியைப் பற்றிய பேச்சே வேண்டாம், நலனைப் பற்றி மட்டும் பேசுவோம் எனத் தூதர்கள் தொடக்கத்திலேயே வரம்பு கட்டிவிடுகின்றனர். மீலோஸ் பணிய மறுத்தது, முற்றுகைக்குப்பின் வீழ்ந்தது. பிடிபட்ட ஆடவர் கொல்லப்பட்டனர். பெண்களும் பிள்ளைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர். தீவில் 500 ஏதென்சியர் குடியேற்றப்பட்டனர்.

வலியவன் செய்வதே முறை என்னும் வாதம் இத்தூதர்களின் வாதமேயன்றி நூலாசிரியரின் முடிபன்று. நாடகத்திற் கொடியவன் பேசும் வசனத்தை நாடகாசிரியனின் கொள்கையெனக் காட்டும் மாணவனுக்கு நாம் புள்ளி வழங்குவதில்லை. ஆனால் உலக அரசியலைப் பேசப் புகுந்ததும் அதே பிழையை நாமே செய்கிறோம்.

ஆசிரியரின் கருத்தை அறிய நூலின் அமைப்பை நோக்க வேண்டும். மீலோசின் அழிவைச் சில வரிகளிற் கூறி முடித்தவுடனேயே அவர் சிசிலிப் படையெடுப்பைத் தொடங்குகிறார். தன் வலிமையில் மயங்கிய ஏதென்சின் படை கி.மு. 413இல் அங்கே அடியோடு அழிந்தது. அவர் கண்டனவுரை எதுவும் எழுதவில்லை. அடுக்கிய முறையே தீர்ப்பாகிறது.

மீலோசியரின் வாதமொன்றும் இங்கே கருதத்தக்கது. ஆபத்தில் இருப்போர்க்கு நியாயம் என்னும் பொதுக்காப்பு இருத்தல் வேண்டும். நாளை நீங்கள் வீழ்ந்தால் அது உங்களுக்கும் வேண்டியிருக்கும் என்கின்றனர் அவர்கள். இஃது இரக்கத்தை யாசிக்கும் பேச்சன்று. கி.மு. 405இல் ஏதென்சின் கடற்படை முற்றாக அழிந்தபோது, மீலோசியர்க்குத் தாம் செய்தது தமக்கும் நேருமென அந்நகரத்தார் அஞ்சினர் எனச் செனபோன் எழுதுகிறார். வாதத்தில் வென்றது யார் என்பதை அந்த அச்சமே சொல்லும்.

ஆயினும் துசிடிடீசிடம் நாம் காணும் குறையொன்றுண்டு. தூதர்களை மக்கள் முன்னிலையிற் பேச மீலோசின் மேலோர் விடவில்லை. அதை நமக்குச் சொல்பவர் ஆசிரியரேயாயினும், மக்களின் குரலை அவரும் தேடிச் செல்லவில்லை. விற்கப்பட்ட பெண்களுக்கு அவர் நூலில் ஒரு சொல்லும் இல்லை. கி.மு. 415இல் ‘திரோயப் பெண்கள்’ நாடகத்தை அரங்கேற்றிய யூரிப்பிடீசே தோற்ற நகரின் பெண்களைப் பேசவைத்தான்.

இன்றைய உலகிற்கு வருவோம். 1945ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சாசனம், நாடுகள் ஒன்றன்மீதொன்று பலத்தைப் பிரயோகிப்பதை 2ஆம் உறுப்புரையில் தடைசெய்கிறது. ஆயுதத் தாக்குதலுக்கு எதிரான தற்காப்பை 51ஆம் உறுப்புரையில் ஏற்கிறது. இதன்பின் வல்லரசுகள் ஏதென்சின் தூதரைப்போல் வெளிப்படையாகப் பேசுவதில்லை. 2003இல் ஈராக்கினுட் புகுந்த அமெரிக்காவும் பிரித்தானியாவும் பாதுகாப்புச் சபையின் தீர்மானங்களைக் காட்டின. 2022இல் உக்ரேனுட் புகுந்த ருஷ்யா 51ஆம் உறுப்புரையையே காட்டியது.

இது வெறும் வேடமே என்பர் நம் நண்பர்கள். வேடந்தான், ஆனால் வேடம் ஏன் தேவைப்படுகிறது? நிக்கராகுவா வழக்கில் இதற்கு விடையுண்டு. தன் துறைமுகங்களிற் கண்ணிவெடி வைத்ததற்காகவும், தன் அரசை எதிர்த்த ஆயுதக் குழுக்களை வளர்த்ததற்காகவும் அச்சிறுநாடு 1984இல் அமெரிக்காவைச் சர்வதேச நீதிமன்றில் நிறுத்தியது. அமெரிக்கா இடையில் வெளியேறியது. அது கூறிய கூட்டுத் தற்காப்பு என்னும் நியாயத்தை நீதிமன்று 1986இல் 12க்கு 3 என்ற வாக்குகளால் நிராகரித்தது. விதியை மீறும் அரசு, விதிவிலக்கைக் காட்டித் தன்னை நியாயப்படுத்த முனையும்போது, அவ்விதியை உறுதியே செய்கிறது என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

தீர்ப்பு நிறைவேறியதா? இல்லை. பாதுகாப்புச் சபையில் அமெரிக்கா தன் இரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தியது, நட்டஈடு கிடைக்கவில்லை, நிக்கராகுவாவில் ஆட்சி மாறியபின் 1991இல் வழக்கே கைவிடப்பட்டது. இதனை மறைப்பதில் பயனில்லை. ஆனால் வலியவனிடமிருந்து நீதியின் பெயரை அத்தீர்ப்பு பறித்தது. மீலோசுக்கு அதுதானும் கிடைக்கவில்லை.

முற்போக்காளராகிய நம்மையும் நாம் விசாரிக்க வேண்டும். 1956 ஒக்டோபர் இறுதியில் இஸ்ரேலும் பிரித்தானியாவும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. நவம்பர் 4இல் சோவியத் தாங்கிகள் புடாபெஸ்டை நசுக்கின. முன்னதற்குப் பிரித்தானியாவும் பிரான்சும், பின்னதற்குச் சோவியத் யூனியனும் இரத்து அதிகாரத்தைக் கேடயமாக்கின. சுயெசுக்காக முழங்கியோர் பலர் ஹங்கேரிக்கு வந்ததும் ஏதென்சின் தூதரைப்போல நலனையும் அவசியத்தையும் பேசத் தொடங்கினர். ஹங்கேரி பற்றி விசாரிக்கப் பொதுச்சபை 1957இல் நியமித்த ஐந்து நாடுகளின் குழுவில் இலங்கையும் ஒன்றாயிருந்தது. 2022 மார்ச்சில் உக்ரேன் மீதான படையெடுப்பைப் பொதுச்சபை கண்டித்தபோது வாக்களியாது விலகிய 35 நாடுகளிலும் இலங்கை ஒன்றாயிருந்தது. விலகலுக்குக் காரணங்கள் கூறப்படலாம். ஆனால் படைபலமற்ற நாட்டுக்குப் பொதுவிதியே வேலி. அவ்வேலி வேறொருவன் காணியிற் பிரிக்கப்படும்போது பேசாதிருப்பவன், தன் காணியிற் பிரிக்கப்படும் நாளில் யாரைக் கூப்பிடுவான்?

இனி வகுப்பறையில் ஒரு மாணவன் அப்பழமொழியைச் சொன்னால், அதைச் சொல்பவர் யார் என அவனிடம் கேட்போம். அது வாய்க்காலை வெட்டிக்கொண்டவனின் பெருமைப் பேச்சன்று. தண்ணீர் வராத கடைமடை வயற்காரனின் முறைப்பாடு. முறைப்பாட்டை நீதியாகக் கற்பிப்பது ஆசிரியரின் வேலையன்று.