ஒருவரே ஓர் அணி

அறிவியல் புனைவுத் தொடர் என்றால் கிராஃபிக்ஸைத்தான் முதலில் எடைபோடுகிறோம். நடிப்பைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டிய தொடர் ஒன்று உண்டு: கனடாவில் தயாரான 'ஆர்ஃபன் பிளாக்'. 2013 முதல் 2017 வரை 5 சீசன்கள், 50 எபிசோடுகள். குளோனிங்கில் பிறந்து, தனித்தனியே வளர்ந்த பெண்களின் கதை. அத்தனை பெண்களும் ஒருவரே: டாட்டியானா மஸ்லானி.

பல வேடம் போடுவது புதிதல்ல. ஒரு வேடம் இன்னொரு வேடமாக நடிக்கும்போதுதான் மஸ்லானியின் உண்மையான பலம் தெரிகிறது. முதல் சீசனின் 4-வது எபிசோடைப் பாருங்கள். புறநகர்க் குடும்பத்தலைவி ஆலிசன், லண்டன் பேச்சு பேசும் சாராவாக வேடமிட்டு, சாராவின் மகள் கீராவைச் சந்திக்கப் போகிறாள். உடை சாராவுடையது, தலைமுடியும் அப்படியே. ஆனால் உள்ளே இருப்பது ஆலிசனின் பதற்றம். குழந்தை ஏமாறவில்லை, நாமும் ஏமாறுவதில்லை. மேக்கப்பை நம்பாமல், உடல்மொழியை மட்டும் நம்பி இறங்கிய ஆட்டம் இது.

இந்த ஆட்டத்தில் துணை நின்றவரையும் சொல்லியாக வேண்டும். இரு குளோன்கள் ஒரே பிரேமில் வரும் காட்சிகளில், மஸ்லானிக்கு ஈடான இன்னொரு குளோனாக நடிகை கேத்ரின் அலெக்ஸாண்ட்ரே எதிரே நின்று நடித்தார். பிறகு வேடம் மாற்றி, இடம் மாற்றி, அதே கேமரா நகர்வை இயந்திரத்தின் உதவியால் அச்சு பிசகாமல் திரும்ப எடுத்து, இரண்டையும் இணைத்தார்கள். 2-வது சீசன் இறுதியில் நான்கு குளோன்கள் சேர்ந்து நடனமாடும் காட்சி இந்த உழைப்பின் உச்சம். ஒரே பாட்டு, ஒரே உடம்பு, நான்கு விதமான தாளக்கட்டு. யார் சாரா, யார் ஹெலனா என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

சறுக்கலும் உண்டு. 3-வது சீசனில் ஆண் குளோன்கள், ராணுவம், ரகசிய அமைப்புகள் என்று கதை கிளை பிரிந்து வேகம் இழக்கிறது. அங்கேயும் ஆட்டத்தைக் கைவிடாமல் தாங்கிப்பிடித்தவர் மஸ்லானிதான்.

எம்மி விருதுக்குழு முதல் இரண்டு ஆண்டுகள் அவரைப் பரிந்துரைக்கக்கூட இல்லை. 2015-இல் பரிந்துரை, 2016-இல் சிறந்த நடிகை விருது. அறிவியல் புனைவில் நடிப்பவர்களுக்கு இந்த மரியாதை எளிதில் கிடைப்பதில்லை. அந்தப் பாரபட்சம் இன்னும் முழுதாக ஒழியவில்லை என்பதே என் வருத்தம்.

என் பரிந்துரை இதுதான்: முதல் இரண்டு சீசன்களை வரிசை மாறாமல் பாருங்கள். கதை சிக்கலானால் கவலைப்படாதீர்கள். தோள், கழுத்து, நடை மூன்றையும் கவனியுங்கள். அவை பிடித்துப்போனால் 3-வது சீசனின் சுணக்கத்தையும் பொறுத்துக்கொண்டு முடிவு வரை போய்விடுவீர்கள்.