நடைப்பிணங்களும் உழைப்பும்: அன்ட்ரே மொரெலின் பாத்திரமொன்று பற்றிய குறிப்பு

ஹமர் நிறுவனத்துக்காக ஜோன் கில்லிங் நெறியாள்கை செய்த 'த பிளேக் ஒஃப் த ஸொம்பீஸ்' (1966) என்ற பிரித்தானியத் திரைப்படம் வெறும் பேய்க்கதையெனத் தள்ளிவிடத்தக்கதன்று. 19ஆம் நூற்றாண்டுக் கோர்ண்வோல் கிராமமொன்றின் நிலப்பிரபு, ஹெயிற்றியிற் கற்ற மாந்திரீகத்தால் இறந்தோரை எழுப்பித் தனது வெள்ளீயச் சுரங்கத்தில் வேலை வாங்குகிறான். கூலி கேளாத, எதிர்த்துப் பேசாத பிணமே சுரண்டுவோனின் இலட்சியத் தொழிலாளி என்ற உண்மை இங்கு கதையாகவே அமைந்துவிடுகிறது. ஹெயிற்றியின் அடிமைத் தோட்டங்களது நினைவைச் சுமந்த நடைப்பிணம் ஐரோப்பியத் தொழிலாளியின் உருவில் மீளவருவது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

ஆயின், மீட்பு யார் கையில் உள்ளது? மருத்துவப் பேராசிரியர் சேர் ஜேம்ஸ் போர்ப்ஸின் கையில். அப்பாத்திரத்தை ஏற்ற குணசித்திர நடிகர் அன்ட்ரே மொரெல் (1909–1978), 1954இல் ஓர்வெலின் '1984' தொலைக்காட்சி நாடகத்தில் ஓ'பிரையனாகவும், 1959இல் ஹமரின் ஷேர்லொக் ஹோம்ஸ் படத்தில் வைத்தியர் வட்சனாகவும் தோன்றியவர். அறிவும் அதிகாரமும் இணைந்தொலிக்கும் குரல் அவருடையது. ஓ'பிரையனில் அச்சுறுத்திய அக்குரல் இங்கு ஆறுதலளிக்கிறது. கிராமத்தவர் தம்மைத் தாமே மீட்பதில்லை. நல்ல கனவானொருவர் தீய கனவானை வெல்கிறார். மொரெலின் நடிப்பாற்றலே இத்தீர்வை இயல்பானதென நம்பவைக்கிறது.

இறுதியிற் சுரங்கம் எரிகிறது. உழைத்த பிணங்களும் உடன் எரிகின்றன. சுரண்டலைத் துணிந்து காட்டிய படம், சுரண்டப்பட்டோரின் எழுச்சியைக் கற்பனை செய்யத் துணியவில்லை. அதன் வர்க்க எல்லை அதுவே.