அம்மாள் என்பது யார் பெயர்?

1945இல் லண்டனில் வெளிவந்த 'குரோமோசோம் அட்லஸ் ஆஃப் கல்டிவேட்டட் பிளான்ட்ஸ்' நூலுக்கு ஆசிரியர்கள் இருவர்: சி. டி. டார்லிங்டன், இ. கே. ஜானகி அம்மாள். மயிலாப்பூர்க் கடற்கரைச் சாலையில் உள்ள ராணி மேரி கல்லூரியில் படித்த தாவரவியலாளர் அவர். அந்நூலைக் குறிப்பிடும் ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றின் துணைநூற்பட்டியலில் 'அம்மாள், இ. கே. ஜே.' ஆகிவிடுகிறார். டார்லிங்டன் முழுதாக நிற்க, ஜானகி ஒற்றை எழுத்தாகச் சுருங்குகிறார். மிஞ்சுவது எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும் மரியாதைச் சொல்.

இதை அச்சுப்பிழை என்று கடந்துவிட முடியாது. குடும்பப் பெயர் முதலில் வரவேண்டும் என்பது அறிவியல் இதழ்களின் விதி. பெயரின் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்பது அதற்குள் இருக்கும் ஐரோப்பிய அனுமானம். தலச்சேரியில் பிறந்த ஜானகியின் குடும்பப் பெயரோ இ. கே. என முன்னாலேயே இருந்தது.

நம் முன்னெழுத்தில் முதலில் அப்பா, பிறகு பலருக்குக் கணவர். படிவத்துக்காக அதை விரித்துப் பின்னால் போட்டால் பெண்ணின் ஆய்வு ஆணின் பெயரில் வரிசைப்படும். திருமணத்தால் முன்னெழுத்து மாறினால் ஒருத்தியின் கட்டுரைகள் இருவருடையவையாகப் பிரியும். 2012 முதல் வழங்கப்படும் 16 இலக்க ஆர்சிட் எண் அவற்றைச் சேர்த்துவைக்க உதவும். ஆனாலும் பட்டியலில் கண்ணுக்குத் தெரிவது பெயர்தான்.

என் மாணவிகளுக்கு நான் சொல்வது: தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள், மென்பொருளில் 'ஜானகி அம்மாள், இ. கே.' என்று காற்புள்ளியிட்டு உள்ளிடுங்கள். தாவரப் பெயர்களுக்குப் பின்னால் இடும் ஆசிரியர் குறியீட்டில் அவர் 'ஜானகி அம்மாள்' என்றே முழுதாக இருக்கிறார். தாவரவியலுக்கு முடிந்தது மற்றத் துறைகளுக்கும் முடியும்.