லாங்வுட் சோலை

நீலகிரியில் கோத்தகிரியை ஒட்டியே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே 116 ஹெக்டேர் பழங்காடு இன்னும் நிற்கிறது. சோலை எனப்படும் இந்த மலைக்காட்டின் மரங்கள் வானளாவ வளர்வதில்லை. காற்றும் குளிரும் அடக்கி வைத்த முறுகிய கிளைகள், நெருக்கமான சிறு இலைகள். தளிர் விடும் பருவத்தில் செம்பு, சிவப்பு, இளம்பச்சை என்று கூரை முழுக்க நிறம் மாறும். பூத்த மரத்தைவிடத் தளிர்த்த சோலைதான் அழகு என்பேன்.

ஆனால் இந்தக் காட்டின் உயிர் தரையிலும் அடிமரங்களிலும் இருக்கிறது. மட்கிய இலைகள் கனத்த மெத்தையாகக் கிடக்கின்றன. அடிமரமெங்கும் பாசி, பாசியின்மேல் பெரணி, கிளைக் கவட்டில் ஆர்க்கிட். மழையையும் மூடுபனியையும் இவை உள்வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகின்றன. கோடையிலும் கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் போவது இதனால்தான். 2024இல் இச்சோலை சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஏரியோ குளமோ இல்லாத ஒரு காட்டை ஈரநிலம் என்று ஏற்றது மிகச் சரியான முடிவு.

உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் நீலகிரி சிரிப்பான், நீலகிரி காட்டுப்புறா ஆகிய இரு பறவைகளுக்கும் இது வீடு. காட்டுமாடுகளும் உண்டு.

இப்படிப்பட்ட காட்டை எளிதில் மீண்டும் உருவாக்க முடியாது. நட்டு வளர்க்கும் யூகலிப்டஸ் சில ஆண்டுகளில் ஓங்கிவிடும். சோலை மரமோ மெதுவாகவே வளரும். அதன் கன்றுக்கு நிழலும் ஈரமும் வேண்டும், வெட்டவெளியின் உறைபனியில் பெரும்பாலும் கருகிவிடும். அதனால் அழித்துவிட்டு மறுபடி நட்டுக்கொள்ளலாம் என்று இந்தக் காட்டை நினைக்கக் கூடாது. போகிறவர்கள் வனத்துறை அனுமதியோடு போங்கள். ஒரு பிளாஸ்டிக் உறைகூட உள்ளே விழ வேண்டாம்.