மௌனப் பாதை: குப்காவின் இராக் காட்சி

தொழிலாளிக்கு உதவாத சித்திரம் சித்திரமே அன்று என வாதிக்கும் அன்பர் நம்மிடையே பலர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையும் அதுவன்று என்பது நமது துணிபு. செக் நாட்டு நவீன ஓவியர் பிரான்டிசெக் குப்காவின் வாழ்க்கையே அதற்குச் சான்று.

குப்கா 1871-இல், அக்காலம் ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த பொஹீமியாவின் ஓபோச்னோ என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் குதிரைச் சேணம் தைப்பவரிடம் தொழில் பயின்றார். அவ்வெஜமானர் ஆவிகளுடன் பேசலாம் என நம்பியவர். சிறுவனும் அதைக் கற்றான். பின்னர்ப் பிராகாவிலும் வியன்னாவிலும் ஓவியம் படித்த நாட்களில் ஆவி அழைத்தே வயிறு வளர்த்தான்.

1896-இல் பாரிஸ் சேர்ந்த குப்காவோ வேறு மனிதர். ‘லாஸியெத் ஓ பேர்’ என்ற எள்ளல் பத்திரிகையில் 1902-இல் ‘பணம்’ என்னும் தனியிதழ் முழுவதையும் அவரே வரைந்தார். பொற்காசுகளால் வயிறு புடைத்த பூதமாக அங்கே பணம் காட்சி தருகிறது. 1904-இல் மதங்களை எள்ளி மற்றோரிதழ். இவற்றை நம் அன்பர்கள் மறுக்கமாட்டார்கள்.

ஆனால் அதே கை 1903-இல் ‘மௌனப் பாதை’யையும் தீட்டியது. இருள் நீலமாய்ப் படர்ந்த இரவு, வானெங்கும் விண்மீன்கள். சிங்க உடலும் மனித முகமும் கொண்ட மாபெரும் ஸ்பிங்க்ஸ் சிலைகள் பாதையின் இருமருங்கும் அணிவகுத்துத் தொலைவில் மறைகின்றன. இடையே ஒரு மனிதன், எறும்பளவாய், தனியே நடக்கிறான். இக்காட்சியை அச்சுச் சித்திரமாக்கியபோது, ‘எதற்காக இருக்கிறோம்’ எனப் பொருள்படும் லத்தீன் சொற்களை அதற்குச் சூட்டினார்.

இதனால் யாருக்கு என்ன பலன் எனக் கேட்கலாம். கேலிச் சித்திரம் பகைவனைச் சுட்டிக் காட்டுகிறது. பகைவன் வீழ்ந்தால் அதன் வேலை முடிந்தது. இச்சித்திரமோ, வீழ்ந்த பின்னும் எஞ்சும் கேள்வியைக் கேட்கிறது. அதற்கு விடையளிக்க இங்கே தெய்வமில்லை, குருவில்லை; கற்சிலைகள் வாய் திறக்கவில்லை. ஆவிகளைப் பேசவைத்தவரே அவற்றின் வாயை மூடிவிட்டார்! மனிதன் சிறியவன், எனினும் மண்டியிடவில்லை, நடக்கிறான்.

குறையும் உண்டு. சிலைகளின் பெருக்கத்தில் நாடகமேடை வாடை வீசுகிறது. பழைய ஆவி மோகம் முற்றும் நீங்கவில்லை. நடப்பவனுக்கு முகமில்லை, அவன் களைத்தவனா, துணிந்தவனா என நாம் அறியக்கூடவில்லை. முகத்தைச் சிலைகளுக்கு ஈந்து மனிதனுக்கு மறுத்தது நமக்கு உடன்பாடன்று.

1912-இல் குப்கா உருவங்களையே துறந்து, இரு வண்ணங்களின் சுழற்சியாக ‘அமோர்பா’வைப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். 1957-இல் பாரிஸை அடுத்த புத்தோவில் மறைந்தார். ‘மௌனப் பாதை’ பிராகாவின் தேசிய ஓவியசாலையில் இருக்கிறது; நாம் கண்டது அச்சுப்படியே.

பகலெல்லாம் செக்ரோலில் பிறர் பெயருக்கு நேரே கோடிட்டுவிட்டு, அந்தியில் புத்தகத்தை மூடுகிறோம். கூலி உயரவேண்டும், வேலை நேரம் குறையவேண்டும் என்று போராடுவது எதற்காக? அந்த அந்திப்பொழுது நமக்கே சொந்தமாவதற்கன்றோ! அப்பொழுதில் மனிதன் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வியைச் செல்வருக்கு மட்டும் விட்டுவிடல் தகாது. ‘பணம்’ வரைந்த குப்காவும் ‘மௌனப் பாதை’ வரைந்த குப்காவும் ஒருவரே என்பதை அன்பர்கள் நினைவில் கொள்க.