வறுமை வளர்த்த கலையா? - ரெம்பிராண்ட் வாழ்வும் ஓவியமும்

புலமையும் வறுமையும் உடன்பிறந்தவை என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. கவிஞன் பட்டினி கிடந்தான் என்று கேள்விப்பட்டால், அவன் கவிதைக்குத் தனி மெருகு ஏறிவிட்டதாக மகிழ்கிறோம். ஓவியன் கடனில் மூழ்கினான் என்றால், அக்கடனே அவன் தூரிகைக்கு ஆற்றல் தந்தது என்று கூறி அமைகிறோம். இக்கூற்று உண்மைதானா என்பதை ஆராய்ந்து பார்க்க, ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்டின் வாழ்வு நமக்கு நல்லதொரு வாய்ப்பைத் தருகிறது. செல்வத்தில் வாழ்ந்து, ஓர் அரிய ஓவியத்தால் மக்கள் ஆதரவை இழந்து, வறுமையில் வீழ்ந்து, அவ்வறுமையினாலேயே மேதையானார் என்பதே அவரைப் பற்றி வழங்கும் கதை. அக்கதை எவ்வளவு உண்மை என்று காண்போம்.

வளர்ச்சி

ரெம்பிராண்ட் 1606ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் லைடன் நகரில் பிறந்தார். தந்தை மாவு ஆலை உடையவர். தாய் ரொட்டி சுடுபவரின் மகள். இலத்தீன் பள்ளியில் பயின்ற மகனின் பெயர் 1620இல் பல்கலைக்கழகப் பதிவேட்டிலும் ஏறியது. ஆயினும் அவர் உள்ளம் ஓவியத்தையே நாடிற்று. பெற்றோரும் அதற்கு இசைந்தனர். உள்ளூர் ஓவியர் ஒருவரிடம் மூன்றாண்டுகளும், ஆம்ஸ்டர்டாமில் பீட்டர் லாஸ்ட்மனிடம் ஆறு திங்களும் பயின்றார். லாஸ்ட்மன் இத்தாலி சென்று வந்தவர். ரெம்பிராண்டோ இறுதிவரை தாய்நாட்டு எல்லையைத் தாண்டிச் சென்றவரல்லர்.

1632இல் அவர் தீட்டிய ‘டாக்டர் துல்பின் உடற்கூற்றுப் பாடம்’ அவரைப் புகழின் உச்சிக்கு உயர்த்தியது. அக்காலத்துக் கூட்டு உருவப்படங்கள் நம் ஆண்டு மலர்களில் வெளிவரும் செயற்குழுப் படங்களைப் போன்றவை. அனைவரும் பணம் தந்தவர்கள். ஆகவே அனைவர் முகமும் ஒரே அளவில், ஒரே ஒளியில், வரிசையாகத் தெரிய வேண்டும். இளைஞர் ரெம்பிராண்ட் இவ்வழக்கத்தை மாற்றினார். மருத்துவர் பிணத்தின் கையைத் திறந்து தசைநாரைக் காட்டுகிறார். சுற்றியிருப்போரில் ஒருவர் எட்டிப் பார்க்கிறார். மற்றொருவர் சிந்தனையில் ஆழ்கிறார். அங்கே முகங்கள் வரிசையாக நிற்கவில்லை. ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. இதனை வரைந்தபோது அவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். வறுமையின் நிழல்கூட அவர் மீது படியாத காலம் அது. மேதைமை அப்போதே வந்துவிட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

1634இல் சாஸ்கியாவை மணந்தார். 1639இல் 13,000 கில்டர் விலையில் பெருமாளிகை ஒன்றை வாங்கினார். தொகையின் பெரும்பகுதி கடனாகவே நின்றது.

பழி சுமந்த ஓவியம்

1642இல் முற்றுப்பெற்ற ‘இரவுக் காவல்’ ஓவியந்தான் அவரை வீழ்த்தியது என்பர். கேப்டன் பான்னிங் காக்கின் தலைமையில் நகரக் காவற்படை புறப்படும் காட்சி அது. பணம் தந்தவர்களுள் சிலர் முகம் நிழலில் மறைந்ததாகவும், அதனால் அவர்கள் வெகுண்டதாகவும், அன்று முதல் ஆதரவு அற்றுப்போனதாகவும் கதை விரிகிறது.

சான்றுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. அவ்வோவியத்தில் இடம்பெற்ற இருவர், ஆளுக்கு ஏறத்தாழ 100 கில்டர் வீதம் தாங்கள் பணம் செலுத்தியதைப் பின்னாளில் உறுதிப்படுத்தியுள்ளனர். ஓவியமும் காவற்படையின் மண்டபத்திலேயே 1715 வரை தொங்கியது. அவ்வாண்டு நகர மண்டபத்துக்கு மாற்றியபோதுதான், சுவரின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று அதன் ஓரங்களை வெட்டினர். ‘இரவு’ என்ற பெயரும் அவர் இட்டதன்று. மேற்பூச்சு கறுத்துப் போனதால் பகற்காட்சி இரவாயிற்று. ஓவியத்தின் மீது படிந்த கருமையைப் போலவே, ஓவியர் வாழ்வின் மீதும் ஒரு கட்டுக்கதை படிந்துவிட்டது எனலாம்.

உண்மையில் அவரை வீழ்த்தியவை, அடைபடாத வீட்டுக் கடனும், பொருள் சேர்க்கும் வேட்கையும், வரவறியாச் செலவுமே. 1656இல் கடனைத் தீர்க்க இயலாது தம் உடைமைகளை ஒப்படைத்தார். அப்போது எடுத்த பட்டியலில் 363 பதிவுகள் உள்ளன. இத்தாலிய ஓவியங்கள், ரோமப் பேரரசர்களின் சிலைகள், போர்க்கவசங்கள், சங்குகள், சிப்பிகள் என அது நீள்கிறது. 1658இல் வீடும் விலைபோயிற்று.

அதே 1658ஆம் ஆண்டில் அவர் தம்மையே வரைந்த ஓவியமொன்று நியூயார்க்கின் ஃபிரிக் காட்சியகத்தில் உள்ளது. வீடிழந்தவர் எப்படித் தோன்றுகிறார்? பொன்மஞ்சள் ஆடை உடுத்து, கையில் கோல் பற்றி, அரியணையில் வீற்றிருக்கும் மன்னர் போல் அமர்ந்திருக்கிறார். ஆனால் முகத்தில் தளர்ச்சி, கண்ணோரம் சுருக்கம். ஆடை ஒன்று சொல்ல, முகம் வேறொன்று சொல்கிறது. இரண்டையும் அவர் மறைக்கவில்லை. வாழ்நாள் முழுதும் ஏறத்தாழ எண்பது முறை தம் உருவைத் தாமே வரைந்தவர், ஒருபோதும் தம்மைக் கண்டு இரங்குமாறு நம்மை வேண்டியதில்லை.

மொகலாயர் ஓவியமும் அவரும்

இங்கே நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. ஏறத்தாழ 1656 முதல் 1661 வரையிலான இந்தத் துன்பக் காலத்தில், மொகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து அவர் வரைந்த கோட்டோவியங்கள் இருபதுக்கும் மேல் எஞ்சியுள்ளன. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் கொண்டுவந்த விலையுயர்ந்த ஆசியத் தாளிலேயே அவற்றை வரைந்திருக்கிறார். தில்லிச் செங்கோட்டையை எழுப்பிய ஷாஜகான் அவற்றுள் இடம்பெறுகிறார். ரெம்பிராண்ட் வீடிழந்த அதே 1658இல்தான் ஷாஜகானும் அரியணை இழந்து ஆக்ராவில் சிறைப்பட்டார் என்பது எண்ணத்தக்கது. மரத்தடியில் நான்கு பெரியவர்கள் அமர்ந்திருக்கும் கோட்டோவியம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு மூலமான சிற்றோவியம் வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனைச் சுவரில் இருக்கிறது. தம் கலையால் ஊரறிந்த ஒருவர், ஐம்பது வயதில், தாம் காணாத நாட்டுக் கலைஞர்முன் மாணவராக அமர்ந்தார். கையில் பொருள் இல்லாதபோதும் கற்கும் ஆர்வம் குன்றவில்லை. இதனை வறுமையின் கொடை என்பதா? ஆர்வம் அவருக்கு இயல்பாகவே அமைந்திருந்தது என்பதே பொருந்தும்.

தாங்கிய கைகள்

அப்படியானால், இறுதிக்கால ஓவியங்களின் ஆழத்துக்கு யாது காரணம்? இவ்விடத்தில் இருவரை நினைவுகூர்வது நம் கடமை. சாஸ்கியா 1642இலேயே இறந்தார். நான்கு குழந்தைகளில் எஞ்சியவன் டைட்டஸ் ஒருவனே. பின்னர் ஹென்ட்ரிக்கியே என்னும் பெண்மணி அவ்வீட்டின் துணையானார். மணமின்றி வாழ்ந்ததற்காக 1654இல் திருச்சபை அவரைக் கண்டித்து, நற்கருணையில் பங்கு பெறாமல் விலக்கியது. அப்பெண்மணியும் மகன் டைட்டஸும் 1660இல் ஒரு வணிக நிறுவனம் ஏற்படுத்தினர். ரெம்பிராண்ட் அதன் பணியாளர். உணவும் உறைவிடமும் அவருக்கு. அவர் வரைவன அனைத்தும் நிறுவனத்துக்கு. கடன்காரர்கள் தூரிகையின் விளைவைப் பறித்துக்கொள்ளாதிருக்க அவ்விருவரும் எழுப்பிய அரண் அது.

அந்த அரணுக்குள்ளிருந்துதான் 1662இல் துணி வணிகர் கழகத்தின் மேற்பார்வையாளர் ஓவியம் வெளிவந்தது. நகர மண்டபத்துக்காகத் தீட்டிய மாபெரும் கிளாடியஸ் சிவிலிஸ் ஓவியமும் அக்காலத்ததே. அதனை மாட்டிய சில காலத்திலேயே இறக்கிவிட்டனர். வெட்டுண்டு எஞ்சிய நடுப்பகுதி இன்று ஸ்டாக்ஹோமில் உள்ளது. புறக்கணிப்பால் நிகழ்ந்தது இதுவே: ஒரு பேரோவியம் சிறுதுண்டாயிற்று. ஆகவே அவர் கலையைக் காத்தது வறுமையன்று. வறுமை அவரை விழுங்காமல் தடுத்த இரண்டு உள்ளங்களே என்பது எம் துணிபு.

கலைஞரைப் போற்றும் ஆர்வத்தில் மனிதரின் குறையை மூடுவதும் தகாது. டைட்டஸை வளர்த்த கேர்ட்யே என்னும் பெண், மணவாக்குத் தவறினார் என்று ரெம்பிராண்டின் மீது வழக்குத் தொடுத்தாள். ஆண்டுக்கு 200 கில்டர் தர 1649இல் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டே அவளைத் திருத்தக இல்லத்தில் அடைக்க அவர் வழிசெய்தார். ஐந்தாண்டுகள் அவள் அங்கே வாடினாள். பிறர் முகத்தில் அத்துணை இரக்கத்தைக் கண்ட கண், இவள் முகத்தில் காணத் தவறியது. துன்பம் மனிதரைத் தானாகவே உயர்த்தும் என்போர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திரும்பி வந்த மகன்

ஹென்ட்ரிக்கியே 1663இலும், டைட்டஸ் 1668இலும் மறைந்தனர். 1669 அக்டோபர் 4ஆம் நாள் ரெம்பிராண்டும் காலமானார். பெயர் பொறிக்கப்படாத ஒரு வாடகைக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இறுதி ஆண்டுகளின் விளைவான ‘ஊதாரி மகனின் வருகை’, ருஷ்ய நாட்டின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. தொலைநாடு சென்று அனைத்தையும் இழந்து மீண்ட மகன் தந்தையின் முன் மண்டியிடுகிறான். மொட்டைத் தலை, தேய்ந்த காலணி, ஒரு பாதம் வெறுமை. அவன் முகத்தை ஓவியர் நமக்குக் காட்டவில்லை. தந்தையின் இரு கைகள் அவன் முதுகில் படிகின்றன: ஒன்று அகன்று உறுதியானது, மற்றது மெல்லியது. அங்கே கேள்வி இல்லை, கணக்கு இல்லை. ஊர்விட்டு வந்து, திரும்பும் நாளை உள்ளத்தில் சுமந்து வாழும் நமக்கு அக்கைகளின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இந்த ஓவியத்தை வறுமை வரைந்தது என்று கூறுவது எளிது. அவ்வாறு கூறிவிட்டால் நமக்கு ஒரு பொறுப்பும் இல்லை. நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் வண்ணக்கோலுடன் தரையில் குனிந்திருக்கும்போது, ‘இது சோறு போடுமா?’ என்று கேட்கிறோம். அக்கேள்வி தவறன்று, பிழைப்புக்காக இடம்பெயர்ந்தோர் கேட்காமல் இருக்க முடியாத கேள்வி அது. ஆனால் அதற்கு விடை காணும் பொறுப்பில் ஒரு பங்கு நமக்கும் உண்டு. ஹென்ட்ரிக்கியேயும் டைட்டஸும் தம் பங்கைச் செய்தனர்.