கொடுத்ததை நம்பு

சட்டப் படிப்புக்கான பிரவேசப் பரீட்சையாகிய கிளாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பயிற்சி முறையைப் பற்றி அண்மைக் காலமாக ஒரு புதிய புகழுரை காதில் விழுகிறது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நடக்கும் கோச்சிங்கைப் போல இது மனப்பாட வித்தையன்று என்றும், பத்தி பத்தியாகப் படித்துப் பொருள் உணர்ந்து, அதில் அடங்கிய விதியைக் கண்டு, அவ்விதியைச் சம்பவத்தின் மேல் பிரயோகிக்கக் கற்பிப்பதால், சீட்டுக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த இரண்டு வருஷ அப்பியாசமே பாதிச் சட்டக் கல்விக்குச் சமானம் என்றும் சொல்லுகிறார்கள். ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் புகைப்படங்களைப் பதாகையில் தொங்கவிட்டிருக்கும் வியாபாரிகள் மட்டும் இதைச் சொன்னால் கேட்டுவிட்டுப் போய்விடலாம். வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் அதையே திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டபடியால், பரிசீலிப்பது அவசியமாகிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். 2008க்கு முன் ஒவ்வொரு தேசிய சட்டப் பள்ளிக்கும் தனி விண்ணப்பம், தனிப் பரீட்சை, தனி ரயில் பிரயாணம் என்று இருந்த அலைச்சலை இந்தப் பொதுப் பரீட்சை பெருமளவு குறைத்தது. 2020இல் செய்த சீர்திருத்தத்தால் துண்டு துண்டான வினாக்கள் விலகி, 450 சொற்கள் அளவான பத்திகளும் அவற்றையொட்டிய வினாக்களும் வந்தன. பதினாறு வயதுப் பிள்ளை தினந்தோறும் நாளிதழின் தலையங்கத்தை வரி விடாமல் படிப்பது, எந்த நோக்கத்தோடு செய்தாலும், நல்ல காரியமே. வக்கீல் வீட்டில் பிறவாதவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தடையின்றி வர வேண்டும், நாலாயிரம் ரூபாய் விண்ணப்பக் கட்டணமும் கோச்சிங்குக்கு அதைப் போலப் பல மடங்கும் கையில் இருக்க வேண்டும். அந்த அநியாயத்தை, 2010இல் ஷம்நாத் பஷீர் தொடங்கிய ஐடியா இயக்கத்தார் என்னைக் காட்டிலும் நன்றாக எடுத்துரைத்து, இயன்ற பரிகாரமும் செய்துவருவதால், அதை நான் விரிக்கவில்லை.

என் ஆட்சேபம் வேறு. இந்தப் பரீட்சை எத்தனை வடிவம் மாறியபோதிலும் மாறாமல் நிற்பதும், பயிற்சியாளர்கள் தங்கள் முறையின் மகுடமாகக் கருதுவதுமான சட்டத் தர்க்கப் பகுதியைப் பற்றியது அது. 120 வினாக்களில் ஏறக்குறையக் கால் பங்கு இதற்கே உரியது. ஒரு விதியைத் தருவார்கள். ஒரு சம்பவத்தைத் தருவார்கள். விதியைச் சம்பவத்தின் மேல் வைத்து நான்கு ஆப்ஷன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விதி நியாயமானதா, நாட்டின் சட்டத்தில் உள்ளதா என்று கேட்கலாகாது. சம்பவம் உண்மையில் அப்படித்தான் நடந்ததா என்று கேட்பது அதைவிடப் பெரிய குற்றம்.

அப்படிப்பட்ட வகுப்பொன்றின் கடைசி வரிசையில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். பிறர் நிலத்தில் அனுமதியின்றிப் புகுவது அத்துமீறல், உயிரைக் காக்க வேறு வழியின்றிப் புகுந்தால் மன்னிப்பு உண்டு என்பது விதி. நாய் துரத்தியதால் ராமன் அடுத்த வீட்டு மதிலை ஏறிக் குதித்தான், பூந்தொட்டிகள் நொறுங்கின என்பது சம்பவம். முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, “நாய் துரத்தினதை யார் சார் பார்த்தாங்க?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் கோபிக்கவில்லை, பரிவோடுதான் சொன்னார்: “வெளியிலிருந்து எதையும் கொண்டுவராதேம்மா. கொடுத்ததை நம்பு, வட்டத்தை நிரப்பு, அடுத்ததுக்குப் போ.” அந்தப் பெண்ணும் தலையசைத்துவிட்டு நிரப்பினாள்.

பரீட்சையின் திருஷ்டியில் ஆசிரியர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்த அறையில் அன்று வழக்கறிஞருக்குரிய கேள்வி ஒன்றே ஒன்று எழுந்தது. அதையும் அடக்கி உட்கார வைத்தாயிற்று. ராமனைத் துரத்தியது நாய்தானா, அது சங்கிலியில் இருந்ததா, தெருக்கோடியில் திறந்த கடை இருந்ததா, தொட்டிகள் நேற்றே உடைந்திருந்தனவா என்ற கேள்விகள்தாம் முன்சீப் கோர்ட்டில் வருஷக்கணக்காக நடக்கும் வழக்கின் உயிர். விதி என்னவென்பதில் இரு கக்ஷிக்கும் பெரும்பாலும் தகராறு இருப்பதில்லை. நடந்தது என்ன என்பதில்தான் சாட்சிக் கூண்டும் குறுக்கு விசாரணையும் நிற்கின்றன. சாட்சியச் சட்டம் என்று ஒரு முழுச் சட்டத்தையே இதற்காக இயற்றி வைத்திருக்கிறோம்.

மதுரையிலே பாண்டியன் நெடுஞ்செழியன் செய்த பிழை இன்னதென்று தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். களவாடியவனுக்கு மரணம் என்பது விதி. அரசியின் சிலம்பு ஒருவன் கையில் இருக்கிறது என்று பொற்கொல்லன் சொன்னது சம்பவம். ஊடிச் சென்ற தேவியைத் தணிவிக்க விரைந்துகொண்டிருந்த மன்னன், கொடுத்ததை நம்பி, விதியை அதன் மேல் வைத்து, நிமிஷத்துக்குள் முடிவு சொல்லிவிட்டான். விதியைப் பிரயோகித்ததில் அவனுக்குத் தவறே நேரவில்லை; இந்தக் காலத்து மாக் டெஸ்ட்டாயிருந்தால் முழு மதிப்பெண் பெற்றிருப்பான். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க வேண்டுமென்பது கண்ணகி வந்து நின்ற பிறகுதான் அவனுக்குத் தோன்றியது.

சம்பவத்தை விட்டு விதிக்கு வந்தாலும் கதை இதுதான். ஏ. கே. கோபாலன் சென்னை ராஜ்யத்தின் தடுப்புக் காவலில் இருந்துகொண்டு தொடுத்த வழக்கில், சட்டத்தினால் நிலைநாட்டப்பட்ட நடைமுறை என்ற அரசியல் சாசனத்தின் சொற்களுக்கு, சட்டமன்றம் இயற்றிய எந்த நடைமுறையும் போதும் என்று 1950இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மையினர் பொருள் கொண்டார்கள். எழுத்தை எழுத்தாகவே படித்த விடை அது. கோச்சிங் ஆசிரியர் மெச்சக்கூடியது. முன்னறிவிப்பும், தன் பக்கத்தைச் சொல்லிக்கொள்ளும் சந்தர்ப்பமும், நடுநிலையான விசாரணையும் இல்லாத ஒன்றை நடைமுறை என்றே ஏற்க முடியாது என்று மாறுபட்டு எழுதியவர் ஃபசல் அலி. அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருந்தாக வேண்டுமென்று நீதிமன்றமே 1978இல் மேனகா காந்தி வழக்கில் வந்து சேர்ந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து நாடு ஏற்றுக்கொண்ட விடைக்கு, கொடுக்கப்படாததை உள்ளே கொண்டுவந்தாய் என்று சொல்லி, இந்தப் பரீட்சை கால் மதிப்பெண்ணைக் கழித்திருக்கும்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானத்தை அறிவேன். நுழையும்போதே பிள்ளை நீதிபதியாக இருக்க வேண்டுமா, தரப்பட்ட எல்லைக்குள் நின்று யோசிக்கத் தெரிவதும் ஓர் ஒழுங்குதானே, சந்தேகிப்பதை ஐந்து வருஷப் படிப்பில் கற்றுக்கொடுப்பார்களே, மூட் கோர்ட்டிலும் சம்பவத்தைக் கொடுத்துத்தானே வாதிடச் சொல்லுகிறார்கள் என்பார்கள். மூட் கோர்ட்டில் கொடுத்த சம்பவத்துக்கு இரண்டு கக்ஷி உண்டு. இன்று வாதியாக நின்றவனே நாளை பிரதிவாதியாக நின்று தன் வாதத்தைத் தானே உடைக்க வேண்டும். இங்கேயோ நான்கில் மூன்று பொய், ஒன்று சத்தியம். மேலும், பதினைந்து வயது முதல் பதினேழு வரை, வாரந்தோறும் மாக் டெஸ்ட் எழுதி, எழுதியதை அலசி, எந்த இடத்தில் அதிகமாக யோசித்து நேரத்தை வீணாக்கினோம் என்று சிவப்பு மையால் குறித்துப் பழகிய மனத்திலிருந்து அந்தப் பழக்கத்தைப் பெங்களூரிலோ திருச்சியிலோ உள்ள எந்தப் பேராசிரியர் கழற்றி எடுப்பார்? அப்படி எடுக்க வேண்டிய பிள்ளைகளாவது உள்ளே வந்துவிட்டார்கள். 120 நிமிஷத்தில் 120 வினா என்ற கணக்கில், ஒரு வினாவின் முன் நின்று யோசித்தவன் ஐந்து வினாவை இழந்து வெளியே நிற்கிறான். சந்தேகப் பிரகிருதிகளைச் சல்லடை போட்டு நீக்கிவிட்டு, மிஞ்சியவர்களுக்குச் சந்தேகிக்கக் கற்றுத் தருவோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

அந்த ஒரே சத்தியமான ஆப்ஷனுக்கு நேர்ந்த கதியையும் பார்க்க வேண்டும். 2024 டிசம்பர் முதல் தேதி நடந்த பரீட்சையின் விடைக்குறிப்பிலேயே பிழை இருப்பதாகத் தில்லி உயர் நீதிமன்றம் கண்டது; மேல்முறையீடும் திருத்தப்பட்ட முடிவுகளுமாக நீண்ட விவகாரம் 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தில்தான் ஓய்ந்தது. தலைக்கு ஒரு நிமிஷத்தில் பிள்ளைகள் தீர்க்க வேண்டியிருந்த வினாக்களைப் பற்றி நாட்டின் நீதிபதிகள் ஐந்து மாதம் இரு தரப்பையும் கேட்டு ஆலோசித்திருக்கிறார்கள். அவர்கள் நடந்துகொண்டதுதான் சட்டம் பயின்றவர்களின் லக்ஷணம்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. இங்கிலாந்தில் எல்நாட் என்ற சட்டப் பிரவேசப் பரீட்சையில் ஆப்ஷன் வினாக்களோடு நாற்பது நிமிஷக் கட்டுரை ஒன்றும் உண்டு. அதற்கு மதிப்பெண் போடாமல், படித்துப் பார்க்கும்படி சர்வகலாசாலைகளுக்கே அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தொட்டி வழக்கையே கொடுத்து, இதைத் தீர்ப்பதற்கு முன் நீ இன்னும் எவற்றையெல்லாம் அறிய வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால், முன் வரிசைப் பெண்ணுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும். பல்லாயிரம் பேர் எழுதுவதை யார் உட்கார்ந்து திருத்துவது என்று உடனே கேட்பார்கள். தமிழ்நாட்டில் வருஷந்தோறும் ஏழெட்டு லட்சம் பிள்ளைகள் பிளஸ் டூ எழுதுகிறார்கள்; ஆளுக்கு ஆறு பாடம், எல்லாம் கையெழுத்து. பள்ளிக்கூட வாத்தியார்கள் கோடை வெயிலில் முகாமில் உட்கார்ந்து அத்தனையையும் சில வாரங்களில் திருத்தி முடித்துவிடுகிறார்கள்.